மதியச் சாப்பாட்டில் தொடங்கிய ஒயின் பயணம்: நாபா, சொனோமா நிகழ்வு ஆய்வு

நான்கு பேர், மூன்று இரவுகள், ஒரு வாடகைக் கார். செப்டம்பர் கடைசி வாரம் வியாழன் மதியத்துக்கு மேல் சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கி, ஞாயிறு இரவு அங்கிருந்தே திரும்ப வேண்டும். நடுவில் கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கையும் பக்கத்துக் கவுன்டியான சொனோமாவையும் பார்த்துவிட வேண்டும். இதற்காகப் போட்ட திட்டம் எப்படி உடைந்தது, எப்படித் திருத்தினோம், பயணத்தில் எது நின்றது என்பதுதான் இந்த ஆய்வு.

போனவர்கள் கணவன், மனைவி, மனைவியின் அண்ணன், அண்ணி. திட்டம் போட்டது மனைவி. நான் கூடப் போகவில்லை, திட்டத்தைத் திருத்திக் கொடுத்தது மட்டும்தான். கணவருக்கு அவ்வளவு தூரம் போய் எதையும் விட்டுவிட்டு வரக் கூடாது. அண்ணனுக்குக் கேபர்னே சாவிஞான் என்ற அழுத்தமான சிவப்பு ஒயின் மட்டும்தான் ஒயின், மற்றதெல்லாம் ஜூஸ். அண்ணி சைவம், குடிப்பதும் பேருக்கு ஒரு மடக்குதான். இந்தக் கடைசி விவரம் முதல் திட்டத்தில் எங்கேயுமே இல்லை. கடைசியில் அதுதான் பல முடிச்சுகளை அவிழ்த்தது.

முதல் திட்டம்

தங்கல் மூன்று இரவும் நாபா நகரத்தில். வெள்ளிக்கிழமை நான்கு ஒயினரிகள், அதாவது ஒயின் தயாரித்துச் சுவைக்கத் தரும் இடங்கள்: காலை 10 மணிக்குத் தெற்கே கார்னெரோஸ், 12 மணிக்கு வடகோடியில் காலிஸ்டோகா, 2 மணிக்கு மறுபடி கீழே இறங்கி ஸ்டாக்ஸ் லீப், 3:45-க்கு மேலே ஏறி செயின்ட் ஹெலீனா. இரவு 8 மணிக்கு யவுன்ட்வில்லில் பல பதார்த்தங்கள் வரிசையாக வரும் டேஸ்டிங் மெனு. சனிக்கிழமை நாபாவிலிருந்து சொனோமா கவுன்டியின் ஹீல்ட்ஸ்பர்க் போய் மூன்று ஒயினரி, மாலை திரும்பி நாபாவில் சாப்பாடு. ஞாயிறு சொனோமா நகரத்தில் இன்னொன்று பார்த்துவிட்டு விமான நிலையம்.

மொத்தம் எட்டு ஒயினரிகள். மதியச் சாப்பாட்டுக்கு எந்த நாளிலும் கட்டம் இல்லை. கேட்டால், "போற வழியில ஏதாவது சாண்ட்விச் பிடிச்சுக்கலாம்" என்றார்கள்.

வரைபடத்தில் இது சாத்தியமாகத்தான் தெரியும். நாபா நகரத்திலிருந்து காலிஸ்டோகா வரை மொத்தப் பள்ளத்தாக்கும் ஏறக்குறைய 30 மைல்தான். மேற்குப் பக்கம் நெடுஞ்சாலை 29, கிழக்குப் பக்கம் சில்வராடோ டிரெயில், இரண்டும் இணையாக ஓடுகின்றன, நடுவே குறுக்குச் சாலைகள் ஏணிப்படி மாதிரி இணைக்கின்றன. ஆனால் 29 யவுன்ட்வில் தாண்டியதும் போக ஒரு வழி, வர ஒரு வழி என்று சுருங்கிவிடுகிறது. அறுவடைக் காலத்தில், அதுவும் வார இறுதி மாலையில், செயின்ட் ஹெலீனாவிலிருந்து தெற்கே வரும் வண்டிகள் ஊர்ந்துதான் வரும். ஒரே நாளில் பள்ளத்தாக்கை ஏறி, இறங்கி, மறுபடி ஏறி, இரவுச் சாப்பாட்டுக்கு மறுபடி இறங்குவது என்றால் பாதி நாள் காரிலேயே போய்விடும்.

நேரத்திலும் இடிக்கிறது. பெரும்பாலான ஒயினரிகள் காலை 10 அல்லது 10:30-க்குத் திறந்து மாலை 5 மணிவாக்கில் மூடிவிடும். உட்கார்ந்து சுவைக்கும் டேஸ்டிங் ஒன்றுக்கு ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். நான்கு டேஸ்டிங் ஓடினால் கையில் இருக்கும் ஆறரை மணி நேரத்தில் ஆறு மணி நேரம் வரை தீர்ந்தது. சாலைக்கும் சாப்பாட்டுக்கும் பெரிதாக எதுவும் மிஞ்சாது.

ஏன் முன்பதிவு, ஏன் அங்கேயே சாப்பாடு இல்லை

அண்ணனின் கேள்வி நியாயமானதுதான்: "திராட்சைத் தோட்டத்துலயே நல்ல ரெஸ்டாரன்ட் வெச்சிருப்பானே, அங்கேயே முடிச்சுக்கலாமே?" நாபாவில் அநேகமாக வைத்திருக்க மாட்டான். அதற்குக் காரணம் சட்டம்.

1968-இல் நாபா கவுன்டி பள்ளத்தாக்கின் நிலத்தை விவசாயத்துக்கென்று ஒதுக்கிப் பாதுகாத்தது. வீட்டு மனைகளும் ஹோட்டல்களும் தோட்டங்களைத் தின்றுவிடாமல் காத்தது அதுதான். பிறகு 1990-இல் ஒயினரி என்றால் என்ன, அங்கே என்னவெல்லாம் நடக்கலாம் என்று வரையறுக்கும் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு விவசாய நிலத்தில் வந்த ஒயினரிகள் முன்கூட்டியே நேரம் குறித்து வருபவர்களுக்கு மட்டுமே டேஸ்டிங் தரலாம். எத்தனை பேர் வரலாம் என்பதும் ஒவ்வோர் உரிமத்திலும் எழுதியிருக்கும். ரெஸ்டாரன்ட் நடத்த அனுமதி இல்லை. ஒயினோடு சேர்த்துச் சிறு பதார்த்தங்கள் கொடுக்கலாம், ஆனால் அதை மதியச் சாப்பாடு என்று நம்பிப் போனால் பட்டினிதான். சட்டத்துக்கு முந்திய பழைய ஒயினரிகள் சிலவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. செயின்ட் ஹெலீனாவில் டெலி கடையும் மர நிழலில் பிக்னிக் மேசைகளும் வைத்திருக்கும் வி. சத்தூயி அப்படி ஒன்று. பெயரைப் பார்த்து நம்ம சாத்தூரா என்று கேட்க வேண்டாம், இத்தாலியக் குடும்பம்.

ஆக, நாபாவில் ஒயின் தோட்டத்தில் இருக்கிறது, சாப்பாடு ஊருக்குள் இருக்கிறது. மதியம் ஊருக்குள் வந்துதான் ஆக வேண்டும். அந்த ஊர்களும் சின்னவை. யவுன்ட்வில்லின் மக்கள்தொகையே மூவாயிரத்துச் சொச்சம்தான். நல்ல மேசைகள் விரல் விட்டு எண்ணும் அளவுதான் இருக்கும், பல இடங்களில் அடுப்பு 2:30-க்கு அணைந்து மாலையில்தான் மறுபடி எரியும், செவ்வாய் புதன் மூடுபவர்களும் உண்டு. ஒயினரியில் 11 மணி கிடைக்காவிட்டால் 10 மணி கிடைக்கும், அதுவும் இல்லாவிட்டால் பக்கத்து ஒயினரியில் கிடைக்கும். 12:45-க்கு நான்கு பேருக்கான மேசை அப்படி வளைந்து கொடுக்காது.

அதனால் என் முதல் திருத்தம் ஒன்றே ஒன்றுதான்: சாப்பாட்டு மேசைகளை முதலில் பதிவு செய்யுங்கள், பிறகு ஒவ்வொரு மேசையிலிருந்தும் 15 நிமிடத் தூரத்தில் காலையில் ஒன்று, மதியத்துக்குப் பின் ஒன்று என்று ஒயினரி தேடுங்கள். மற்ற எல்லாத் திருத்தமும் இதிலிருந்து வந்தவைதான்.

கிளாஸ் கணக்கு

கணவர் இதை எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒரு வாய் ஒரு வாயாத்தானே ஊத்துவாங்க, நாலு இடம் போனா என்ன ஆயிடும்?" அதனால் தாளில் எழுதிக் காட்டினோம்.

ஒரு டேஸ்டிங்கில் சாதாரணமாக ஐந்து ஒயின்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றரை அவுன்ஸ், அதாவது 45 மில்லி. ஐந்துக்கும் சேர்த்து 225 மில்லி. நாபா கேபர்னே 14.5 சதவீத ஆல்கஹாலை எளிதில் தொடும். கணக்குப் போட்டால் ஏறத்தாழ 26 கிராம் ஆல்கஹால். அமெரிக்காவில் ஒரு 'டிரிங்க்' என்பது 14 கிராம். ஆக, ஒரு ஒயினரிக்கு இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு, நான்கு ஒயினரிக்கு ஏழு தாண்டுகிறது. உடம்பு தோராயமாக மணிக்கு ஒன்றைத்தான் கரைக்கும். இதற்கு மேல் இரவு 8 மணிக்கு டேஸ்டிங் மெனு, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு கிளாஸ்.

கலிஃபோர்னியாவில் ரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம் வந்தால் வண்டி ஓட்டுவது குற்றம். அதற்குக் கீழே இருந்தாலும் ஓட்டுவது தடுமாறினால் பிடிக்கலாம். திறந்த பாட்டிலைக் காரின் உள்ளே வைத்திருப்பதும் தப்பு. ரெஸ்டாரன்டில் மிச்சம் வைத்து மூடி வாங்கி வந்த பாட்டிலாக இருந்தாலும் டிக்கியில்தான் போக வேண்டும். முதல் திட்டத்தில் டிரைவர் யார் என்ற கட்டமே இல்லை என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் போலீஸைவிட நாக்கு முந்திக்கொள்ளும் என்பது என் கருத்து. கேபர்னேயின் டானின், அதாவது திராட்சைத் தோலிலிருந்து வரும் துவர்ப்பு, ஈறுகளில் உலர்ந்து படிந்துகொண்டே போகும். மூன்றாவது இடத்தில் எட்டாவது சிவப்பு ஒயின் வரும்போது அது 60 டாலரா 250 டாலரா என்று பெரும்பாலோருக்குத் தெரியாது. அந்த நிலையில்தான் கிரெடிட் கார்டும் வெளியே வரும்.

இதற்கு மருந்து மேசையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு டேஸ்டிங்கிலும் ஒரு துப்பும் பாத்திரம் வைத்திருப்பார்கள். நம் ஆட்களுக்கு நாலு பேர் முன்னால் துப்பக் கூச்சம். அதனால் ஒரு வழி: தண்ணீர் டம்ளர் மாதிரியான காகிதக் கோப்பை ஒன்றை ஆளுக்கொன்று கேட்டு வாங்கி, வாயில் சுழற்றி அதில் துப்பி, பிறகு பெரிய பாத்திரத்தில் கொட்டிவிடுவது. ஒயின் தொழிலில் இருப்பவர்கள் நாள் முழுக்க இதைத்தான் செய்கிறார்கள். உபசரிப்பவர் தப்பாக நினைக்க மாட்டார், விஷயம் தெரிந்தவர் என்றுதான் நினைப்பார்.

திருத்திய பயணம்

வியாழன் இரவு எங்கேயும் ஒயின் இல்லை. பாலத்து நெரிசலைத் தாண்டி நாபா போய்ச் சேர்ந்து, ஆக்ஸ்போ பொதுச் சந்தையில் ஆளுக்கொரு கடையில் வாங்கிச் சாப்பிட்டார்கள். முன்பதிவு தேவையில்லாத இடம் முதல் இரவுக்கு அவசியம். விமானம் தாமதமானால் அபராதம் கட்ட வேண்டியதில்லை.

வெள்ளிக்கு டிரைவர் ஒருவரை மணிக்கணக்கில் அமர்த்தினார்கள். உங்கள் வாடகைக் காரையே வந்து ஓட்டித்தரும் உள்ளூர் ஆட்கள் நாபாவில் இருக்கிறார்கள். லிமோசினைவிட இது மலிவு. செயலி வழி டாக்ஸியை நம்பி வடக்கே போவது வேண்டாம். போய்விடலாம், தோட்டத்து நடுவில் நின்று திரும்பி வர வண்டி கிடைக்காது.

காலை 10:30-க்கு ஸ்டாக்ஸ் லீப் பகுதியில் ஒரு ஒயினரி. 1976-இல் பாரிஸில் பாட்டிலின் பெயரை மறைத்து நடந்த சுவைப் போட்டியில் பிரெஞ்சு நடுவர்களே முதலிடம் கொடுத்த 1973 கேபர்னே இந்தப் பகுதியில் விளைந்ததுதான். அண்ணனுக்கு அந்த மண்ணில் நின்றதே போதும். அங்கிருந்து யவுன்ட்வில் குறுக்குச் சாலையில் பத்து நிமிடம், 12:45-க்கு ஒரு பிரெஞ்சு பிஸ்ட்ரோவில், அதாவது ஆடம்பரமில்லாத சின்ன ரெஸ்டாரன்டில், மேசை. சமையல்கலைஞர் தாமஸ் கெல்லர் 1994 முதல் நடத்தும், மிஷெலின் உணவு வழிகாட்டியின் உச்சமான மூன்று நட்சத்திரம் பெற்ற ஃபிரெஞ்ச் லாண்டரி ரெஸ்டாரன்ட் இதே ஊரில்தான் இருக்கிறது. முன்பணம் முழுதாகக் கட்டி டிக்கெட் மாதிரி எடுக்க வேண்டிய இடம், இவர்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் டேஸ்டிங் நாளன்று போகாதீர்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அந்த மதிய மேசையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். காலையில் வாங்கிய பாட்டில் ஒன்றை அவர்கள் கையோடு கொண்டுபோனார்கள். பெரும்பாலான ரெஸ்டாரன்ட்கள் 'கார்க்கேஜ்' என்று ஒரு கட்டணம் வாங்கிக்கொண்டு நம் பாட்டிலைத் திறந்து பரிமாறும். எவ்வளவு, எத்தனை பாட்டில் என்பது கடைக்குக் கடை மாறும் என்பதால் முதல் நாளே போன் செய்து கேட்டுவிட வேண்டும். அவர்களுடைய பட்டியலில் இருக்கும் ஒயினையே தூக்கிக்கொண்டு போவது மரியாதை இல்லை. திறந்தவுடன் பரிமாறுபவருக்கு ஒரு வாய் கொடுப்பது வழக்கம். அண்ணன் கொடுத்தார். அவர் முகர்ந்துவிட்டு உள்ளே போய் நான்கு பெரிய கிளாஸ்கள் எடுத்து வந்து, பழையதை மாற்றி வைத்தார். காலையில் பளிங்கு மேசையில் கடித்த அதே கேபர்னே, வெண்ணெயில் வதங்கிய மாட்டிறைச்சியோடு வேறு ஆளாக இருந்தது என்கிறார் அண்ணன். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. புரதமும் கொழுப்பும் சேர்ந்தால் டானின் அடங்கிவிடும். டேஸ்டிங்கில் வெறும் வயிற்றில் ஒயினை எடைபோடுவது பாதி உண்மைதான்.

அண்ணிக்குக் காளான் பதார்த்தம் ஒன்று வந்தது. முன்பதிவின்போதே சைவம் என்று எழுதியிருந்ததால் சமையலறை தயாராக இருந்தது. மீன், கோழிச் சாறு, பன்றிக் கொழுப்பு எதுவும் வேண்டாம் என்று பிரித்து எழுதச் சொல்லியிருந்தேன். சூப்பின் அடியில் கோழிச் சாறு இருந்தாலும் சைவம் என்று நினைக்கும் சமையல்காரர்கள் உண்டு. ஒயினிலும் ஒரு சங்கதி இருக்கிறது: சிவப்பு ஒயினின் கரகரப்பைத் தணிக்க முட்டை வெள்ளைக்கருவும், வெள்ளை ஒயினைத் தெளியவைக்க மீனிலிருந்து எடுத்த ஒரு பொருளும் பயன்படுத்துவதுண்டு. இப்போது பலர் பென்டனைட் என்ற களிமண்ணுக்கு மாறிவிட்டார்கள், சிலர் எதுவும் சேர்ப்பதில்லை. அண்ணி ஒவ்வோர் இடத்திலும் இதைக் கேட்டார். உபசரிப்பவர்கள் மிக ஆர்வமாகப் பேசியது இந்தக் கேள்விக்குத்தான்.

சாப்பாடு நீண்டுவிட்டது. 3 மணி ரதர்ஃபோர்டு டேஸ்டிங்குக்கு 20 நிமிடம் தாமதம் ஆகும் என்று காரிலிருந்தே போன் செய்தார்கள், ஒன்றும் பிரச்சினையில்லை. அந்த ஒயினரி 29-இன் கிழக்குப் பக்கம் இருந்ததும் தற்செயல் இல்லை. அமெரிக்காவில் வண்டி வலது பக்கம் ஓடும். வடக்கே போகும்போது கிழக்குப் பக்கத் தோட்டங்களுக்குள் அப்படியே வலது திரும்பிவிடலாம். மேற்குப் பக்கம் என்றால் எதிரே வரும் வரிசை முழுதும் ஓயும்வரை இடது திரும்பக் காத்திருக்க வேண்டும். திரும்பி வரச் சில்வராடோ டிரெயில்.

அன்று இரவு மெக்சிகோ பாணி டாக்கோ கடை. பீன்ஸ் டாக்கோவும் பீரும். மனைவி சொன்னபடி அந்தப் பயணத்தின் மிகச் சுவையான சாப்பாடு அதுதான். நாள் முழுக்க வெண்ணெயும் ஒயின் பீப்பாயின் ஓக் மரவாடையும் பார்த்த நாக்குக்கு எலுமிச்சையும் மிளகாயும் தேவைப்பட்டது.

சனிக்கிழமை அண்ணிதான் டிரைவர். வாடகை ஒப்பந்தத்தில் அவர் பெயரையும் சேர்த்தாகிவிட்டது. அறையைக் காலி செய்து, காலை 10 மணிக்குக் காலிஸ்டோகாவுக்குச் சற்று முன்னே இருக்கும் ஷ்ராம்ஸ்பர்க். 1862-இல் தொடங்கியது, சீனத் தொழிலாளர்கள் தோண்டிய குகைகளுக்குள் நுரை ஒயின் பாட்டில்கள் சுவர் போல அடுக்கியிருக்கும். 1972-இல் நிக்சன் பெய்ஜிங் விருந்தில் கிளாஸ் உயர்த்தியது இவர்களுடைய ஒயினைத்தான். வெளியே வெயில் கொளுத்தினாலும் குகைக்குள் ஸ்வெட்டர் வேண்டும். காலையில் நுரை ஒயின் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது: புளிப்பு நாக்கைத் துலக்கும், டானின் இல்லாததால் களைக்காது.

பிறகு செயின்ட் ஹெலீனாவில் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்த சாண்ட்விச்சைப் பக்கத்திலேயே இருக்கும் போத்தே-நாபா மாநிலப் பூங்காவின் மர நிழலில் சாப்பிட்டுவிட்டு, நெடுஞ்சாலை 128 வழியாக ஹீல்ட்ஸ்பர்க். முதல் திட்டத்தில் நாபா நகரத்திலிருந்து ஹீல்ட்ஸ்பர்க் போய்வருவது மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். தங்கும் ஊரை ஒருமுறை மாற்றியதில் அது முக்கால் மணி நேரப் பயணமாகச் சுருங்கியது, அதுவும் அலெக்சாண்டர் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் நடுவே.

ஹீல்ட்ஸ்பர்க்கின் சதுக்கத்தைச் சுற்றி நடந்துபோகும் தூரத்தில் டேஸ்டிங் அறைகள் நிறைய. 3:30-க்கு ஒன்றில் பக்கத்து ரஷ்யன் ரிவர் பகுதியின் பினோ நுவார் என்ற மெல்லிய சிவப்பு ஒயின். இரவு 7 மணிக்குத்தான் பெரிய டேஸ்டிங் மெனு. ஊரில் அதே மூன்று மிஷெலின் நட்சத்திரம் பெற்ற சிங்கிள்த்ரெட் ரெஸ்டாரன்ட் இருக்கிறது, இவர்கள் அதைவிடச் சின்ன இடமாகப் பார்த்தார்கள். ஹோட்டலிலிருந்து நடை தூரம் என்பதுதான் தேர்வுக்குக் காரணம். மூன்று மணி நேரச் சாப்பாட்டுக்குப் பின் யாரும் சாவியைத் தேட வேண்டியதில்லை.

இடித்தது எங்கே

சனி மாலை 3:30 அதிகம். காலையில் குகை, மதியம் பயணம், மாலையில் ஐந்து பினோ என்று வந்ததில், இரவு ஆறாவது தட்டு வரும்போது கணவர் பேச்சை நிறுத்திவிட்டார். விலை உயர்ந்த சாப்பாட்டின் பின்பாதியை நால்வரில் ஒருவர் ருசிக்கவில்லை. அந்த மூன்று மணி நேரத்தை ஹோட்டலில் தூங்கியிருக்கலாம். பெரிய இரவுச் சாப்பாடு இருக்கும் நாளில் காலை ஒரு டேஸ்டிங்கோடு நிறுத்துவது என்று இப்போது மாற்றி எழுதி வைத்திருக்கிறேன்.

வெயிலும் படுத்தியது. செப்டம்பர் கடைசி என்றாலும் காலிஸ்டோகா பக்கம் கொளுத்தும், நிறுத்திய காருக்குள் ஒயின் ஒரு மணி நேரத்தில் வெந்துவிடும். தெர்மோகோல் பெட்டியும் ஐஸ் பையும் டிக்கியில் இருந்ததால் பிழைத்தது. அதே பருவம் காட்டுத்தீப் பருவமும்கூட. 2017 அக்டோபரிலும் 2020 செப்டம்பர் கடைசியிலும் இந்தப் பகுதி எரிந்திருக்கிறது. அதனால் 48 மணி நேரத்துக்கு முன்வரை பணத்தைத் திருப்பித்தரும் இடங்களுக்கு முன்னுரிமை கொடுத்தோம்.

செலவைப் பார்த்தால், டேஸ்டிங் கட்டணம் இடத்துக்கு இடம் மாறினாலும் ஆளுக்குச் சராசரி 75 டாலர் என்று வைத்துக்கொண்டால் முதல் திட்டத்தின் எட்டு ஒயினரிக்கு நால்வருக்கு 2,400 டாலர். திருத்தியதில் ஐந்து இடங்கள். குடிக்காதவருக்குக் கட்டணம் உண்டா என்று முன்பே கேட்டதில் மூன்று இடங்களில் அண்ணிக்கு வாங்கவில்லை. அது 1,275-இல் முடிந்தது. வெள்ளிக்கிழமை டிரைவர் கூலியும் மதிய பிஸ்ட்ரோ பில்லும் அந்த மிச்சத்திலிருந்தே வந்துவிட்டன.

ஞாயிறு காலை 11 மணிக்கு ஹீல்ட்ஸ்பர்க் பக்கத்து டிரை கிரீக்கில் ஜின்ஃபண்டெல் சிவப்பு ஒயின், 1881 முதல் இருக்கும் டிரை கிரீக் ஜெனரல் ஸ்டோரில் சாண்ட்விச், பிறகு நெடுஞ்சாலை 101-இல் நேராக விமான நிலையம். வழியில் அண்ணன் கணக்குப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒண்ணு போயிருக்கலாம் மாப்பிள்ளை" என்றாராம். போகலாம்தான். அதற்குச் சனி, ஞாயிறைத் தொட வேண்டாம், வியாழக்கிழமை விமானத்தை மாற்றினால் போதும். காலை 11 மணிக்குள் இறங்கினால், 101-லிருந்து 37, 121 என்று நாபா போகும் வழியிலேயே கார்னெரோஸ் வருகிறது. 3 மணிக்கு அங்கே மாடியில் உட்கார்ந்து ஒரு தட்டுச் சீஸோடு ஷார்டனே வெள்ளை ஒயின், அண்ணி ஓட்ட, 5 மணிக்குள் நாபா.